பிறந்த வீட்டுப் புடவையும் சின்ன விமானமும்

விமான நிலையத்தில் வேலை பார்க்கிறேன் என்பதால் நான் தினமும் பறந்துகொண்டிருக்கிறேன் என்று காஞ்சிபுரத்தில் எங்கள் பிள்ளையார்பாளையத்தில் இன்னும் சிலர் நினைக்கிறார்கள். விமானத்தில் நான் ஏறியது ஒரே ஒரு முறை, அதுவும் பயிற்சிக்காக. மற்றபடி, நீங்கள் ஏன் இன்னும் பறக்கவில்லை என்று பிறருக்கு விளக்கம் சொல்வதுதான் என் உத்தியோகம். காஞ்சிபுரத்திலிருந்து தாம்பரம் வரை பஸ், அங்கிருந்து மின்சார ரயில், பிறகு சீருடை, உதட்டுச் சாயம், சிரிப்பு. சிரிப்பும் சீருடையில் சேர்த்தி என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார்கள்.

என்னை நிறுத்தியிருப்பது கீழ்த்தளத்து வாயில்களில். மேல்தளத்தில் பெரிய விமானங்களுக்குப் பாலம் வந்து ஒட்டிக்கொள்ளும்; பயணிகள் வெயில் படாமல் நடந்துபோய் உட்காரலாம். கீழ்த்தளம் சின்ன விமானங்களுக்கு. எழுபது சொச்சம் பேர் ஏறுகிற ஜெட். அதை ஒதுக்குப்புறமாக எங்கேயோ நிறுத்தியிருப்பார்கள். பயணிகளைப் பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுபோய் அதன் காலடியில் இறக்கிவிட வேண்டும். எங்கள் கம்பெனியில் பெரியதும் உண்டு, சின்னதும் உண்டு. பெரியது பெரிய நகரங்களுக்கு, சின்னது சின்ன ஊர்களுக்கு. தாமதம் என்று வந்தால் முதலில் அடி வாங்குவது சின்னது. அதற்கு அடுத்து அடி வாங்குவது நான்.

"எப்பப் பாத்தாலும் லேட்டு லேட்டுங்கறியே, அப்டி இன்னாதான்மா நடக்குது அங்க?" என்று அப்பா ஒருநாள் தறியில் உட்கார்ந்தபடியே கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஓடுபாதைக்கு ஆள் கணக்கு தெரியாது. எழுபது பேரை ஏற்றிய விமானமும் இருநூறு பேரை ஏற்றிய விமானமும் ஏறவும் இறங்கவும் ஏறக்குறைய ஒரே நேரத்தைத்தான் எடுத்துக்கொள்ளும். அது மட்டுமில்லை, பெரியது ஒன்று கிளம்பிப் போனால் அது கலக்கிவிட்ட காற்று அடங்கும்வரை பின்னால் நிற்கிற சின்னது கூடுதலாகக் காத்திருக்க வேண்டும். ஒரு பெரிய விமானத்தில் போகக்கூடிய ஜனத்தைக் கம்பெனிக்காரர்கள் காலையில் ஒரு சின்னது, மதியம் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று பிரித்து அனுப்புகிறார்கள். ஜனங்களுக்கும் அதுதான் பிடித்திருக்கிறது, நினைத்த நேரத்துக்குப் போகலாம் இல்லையா. எல்லாக் கம்பெனியும் இப்படியே செய்தால் ஓடுபாதைக்கு முன்னால் காலையில் ஒரே சின்ன விமானக் கூட்டம். எங்கள் ஊர் மூங்கில் மண்டபம் ஸ்டாப்பில் ஷேர் ஆட்டோக்கள் நின்று பஸ்ஸை மறிக்கிற மாதிரி.

"அப்ப அத்த நிறுத்திட்டு பெருசா ஒண்ணு வுடச் சொல்லு," என்றார் அப்பா.

"நீ மட்டும் நேத்து பஸ்ஸுக்கு நின்னியா? வந்த ஆட்டோல ஏறிக்கினுதானப்பா வந்த?"

அப்பா இழைகளுக்கு நடுவே நாடாவை வேகமாக எறிந்தார். அம்மா உள்ளேயிருந்து சிரித்தாள்.

இதை நான் வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. ஒருநாள் ஒரு பெரியவர் வந்து போனார்; அதற்குப் பிறகு சொல்வதில்லை.

அன்றைக்கு விடியற்காலையில் நல்ல மழை. கொஞ்ச நேரம் ஓடுபாதையை மூடி வைத்திருந்து, பிறகு திறந்தார்கள். மழை நின்றதும் வெயில்கூட அடித்தது. ஆனால் அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் மேலே இறங்க வேண்டியவை வட்டமடிக்க, கீழே கிளம்ப வேண்டியவை வரிசை கட்ட, எல்லாம் சிக்கலாகிவிட்டது. நான் ராஜமுந்திரி விமானத்தின் வாயிலில் இருந்தேன். முற்பகலில் கிளம்ப வேண்டிய விமானம். அந்த விமானமே இன்னும் வேறொரு ஊரிலிருந்து வந்து சேரவில்லை. ஒரே ஜெட்தான் ஒரு நாளில் நாலைந்து ஊருக்குப் போய்ப் போய் வரும். காலையில் ஒரு ஊரில் அதற்கு விழுந்த தாமதம் சாயங்காலம்வரை ஊர் ஊராகக் கூடவே போகும்.

பெரியவர் முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது. வெள்ளை வேட்டி, கசங்கிய சட்டை, நெற்றியில் விபூதி. கையில் பை கிடையாது. துண்டில் சுற்றிய ஒரு பொட்டலத்தை இரண்டு முன்கைகளின்மேலும் படுக்க வைத்துத் தாங்கிக்கொண்டிருந்தார். தறியிலிருந்து அறுத்த புடவையை எங்கள் தெருவில் அப்படித்தான் தூக்குவார்கள். பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"காஞ்சிபுரமா?" என்றேன்.

"ஆமாம்மா. நீயும் நம்ம ஊரா?"

"பிள்ளையார்பாளையம்."

"அட. நானும் அங்கதான், ரெண்டு தெரு தள்ளி," என்றார். முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம் வந்து உடனே போனது. "கரெக்டா எடுத்துருவாங்களாம்மா?"

விமானம் வந்துகொண்டிருக்கிறது, வந்ததும் ஏற்றிவிடுவோம் என்று சீருடைத் தமிழில் சொன்னேன். ஏதோ கடைக்கு ஆர்டர் புடவை கொண்டு போகிறார் என்று நினைத்துக்கொண்டேன். அப்படிப் போகிறவர்களை வாரத்துக்கு ஒருவராவது பார்ப்பேன்.

அந்தப் பொட்டலத்தில் இருந்தது அவருடைய அக்காவுக்குக் கோடி. ராஜமுந்திரியில் வாழ்க்கைப்பட்ட அக்கா அன்று விடியற்காலையில் இறந்துபோயிருந்தார். கட்டிக்கொடுத்த பெண் இறந்தால் பிறந்த வீட்டிலிருந்து ஒரு புதுப் புடவை போய் அவள் உடல்மேல் விழ வேண்டும். அதைக் கூடப்பிறந்தவன் கையால் போட வேண்டும். அதற்கு அப்புறம்தான் எடுப்பார்கள். பொழுது சாய்வதற்குள் எடுத்துவிடுவது என்று அங்கே முடிவு செய்திருந்தார்கள். ரயிலில் போனால் ராத்திரிதான் போய்ச் சேர முடியும் என்பதால் பெரியவரின் மகன் போனிலேயே விமான டிக்கெட் போட்டுக் கொடுத்து அனுப்பியிருக்கிறான். இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. உங்களுக்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குத் தெரியாமல் நடந்ததை நீங்களாவது தெரிந்துகொண்டு பாருங்கள்.

அவருக்கு அடுத்த நாற்காலியில் ஒரு கல்யாண வீட்டு அம்மாள் வந்து உட்கார்ந்தார். அவர்களும் காஞ்சிபுரம்தான்; வீட்டில் தெலுங்கு பேசுகிற, பல தலைமுறையாக ஊரில் கடை வைத்திருக்கிற குடும்பம். மறுநாள் காலை ராஜமுந்திரியில் மகளுக்குக் கல்யாணம். பெண்ணும் சொந்தக்காரர்களும் முந்தின நாளே ரயிலேறிவிட்டார்கள். ஜாக்கெட்டில் கைவேலை முடியாததால் முகூர்த்தப் புடவை மட்டும் பின்தங்கிவிட்டது; அதை எடுத்துக்கொண்டு அம்மா, அப்பா, அத்தை, தம்பி என்று நாலு பேர். அம்மாள் அந்தப் பையைக் கீழே வைக்கவே இல்லை. மடியில் வைத்து, மேலே இரண்டு கைகளையும் வைத்திருந்தார். பையின் வாயில் மஞ்சள் தடவிய துணி நுனி தெரிந்தது.

அந்த அம்மாள் உட்கார்ந்ததும் பெரியவர் தன் பொட்டலத்தை மெல்லத் தூக்கி மறுபக்கத்துத் தொடைக்கு மாற்றிக்கொண்டார். பிறகு எழுந்து ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார். நான் பார்த்தேன். இடம் விடுகிறார் போலிருக்கிறது, மரியாதை தெரிந்த மனுஷர் என்று நினைத்தேன்.

திரையில் நேரத்தை அரைமணி அரைமணியாகத் தள்ளிக்கொண்டே போனார்கள். இந்த அரைமணிக் கணக்கு யார் கண்டுபிடித்ததோ தெரியாது. மொத்தமாகச் சொன்னால் ஜனங்கள் சண்டைக்கு வருவார்கள். கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னால் பொறுத்துக்கொள்வார்கள். ஒவ்வொரு அரைமணிக்கும் நான் மைக்கைப் பிடித்து வருத்தம் தெரிவித்தேன். வருத்தப்பட்டு வருத்தப்பட்டு அன்றைக்கு மதியத்துக்குள் அந்த வார்த்தையே எனக்கு வாயில் கசந்துவிட்டது.

அப்போது மேலிருந்து ஒரு தகவல் வந்தது. எங்கள் கம்பெனியின் பெரிய விமானம் ஒன்று விசாகப்பட்டினத்துக்குக் கிளம்பப் போகிறது. அதில் நாலு இடம் காலி. ராஜமுந்திரிப் பயணிகளில் நிஜமாகவே அவசரமானவர்கள் இருந்தால் அதில் ஏற்றலாம். அங்கிருந்து காரில் போனால் பொழுது சாய்வதற்கு முன்னால் ராஜமுந்திரி போய்விடலாம். உடனே ஆளைப் பிடித்து அனுப்பு, கதவை மூடப் போகிறார்கள் என்றார் மேலதிகாரி.

நான் மைக்கில் சொல்லவில்லை. சொன்னால் எழுபது பேரும் எழுந்து வருவார்கள். நாற்காலி வரிசைகளுக்கு முன்னால் போய் நின்று கேட்டேன். ஆஸ்பத்திரி கேஸ் யாராவது இருக்கிறீர்களா? சாவு வீட்டுக்குப் போகிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

கல்யாண வீட்டு அம்மாள் அந்த வார்த்தை காதில் விழுந்ததும் மடியிலிருந்த பையைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். குழந்தையின் காதைப் பொத்துகிற மாதிரி இருந்தது. பெரியவர் அதைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

யாரும் எழவில்லை. ஒரு பையன் இன்டர்வியூ என்றான். நாளைக்குத்தானே என்றதும் உட்கார்ந்துவிட்டான். ஊர்க்காரர் என்பதால் பெரியவரிடம் தனியாகக் குனிந்து கேட்டேன்.

"உங்களுக்கு அவசரமாங்க?"

அவர் என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பக்கத்தில் அந்த அம்மாள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எனக்கு ஒண்ணும் அவசரம் இல்லம்மா," என்றார். "இவங்கள அனுப்பு. கல்யாணத்துக்குப் போறாங்க."

அம்மாளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "சாயங்காலம் பொண்ணழைப்புங்க. பொடவ போவலன்னா மாப்ள வூட்ல ஆளுக்கு ஒண்ணு பேசுவாங்க," என்று என்னிடம் சொல்லிவிட்டு, அவர் பக்கம் திரும்பி, "நல்ல மனசுங்க உங்களுக்கு," என்றார்.

"நல்லபடியா நடக்கட்டும்மா," என்றார் பெரியவர்.

நாலு பேரையும் மாடிக்கு அழைத்துக்கொண்டு ஓடினேன். அந்த அம்மாளுக்கு நகரும் படிக்கட்டில் கால் வைக்கப் பயம்; பையை விடவும் மனசில்லை. கையைப் பிடித்து ஏற்றிவிட்டேன். நல்ல காரியம் செய்துவிட்டேன் என்ற சந்தோஷத்தோடுதான் கீழே இறங்கி வந்தேன்.

வந்தபோது பெரியவர் என் மேஜைக்கு அருகில் நின்றுகொண்டிருந்தார். பொட்டலம் கையில் அப்படியே இருந்தது. போனில் யாரிடமோ பேசி முடித்திருந்தார்.

"அவங்க போயிட்டாங்களாம்மா?"

"ஏத்திட்டேங்க."

"அந்தப் பக்கம் யாரும் இல்லியே," என்று ஒருமுறை சுற்றிப் பார்த்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எங்க அக்கா செத்துப் போச்சும்மா," என்றார். "இது கோடி. பொழுதோட எடுத்துருவாங்களாம். நம்ம ஏரோப்ளேன் எப்பம்மா வரும்?"

துண்டின் ஒரு மூலை விலகி உள்ளே மாம்பழ நிறமும் அரக்குக் கரையும் தெரிந்தன. நுனியில் மஞ்சள் இல்லை. கல்யாணத்துக்கோ கோயிலுக்கோ போகும் புடவை என்றால் எங்கள் தெருவில் மஞ்சள் வைக்காமல் வீட்டை விட்டு வெளியே எடுக்க மாட்டார்கள். கோடிக்கு வைக்க மாட்டார்கள். அதை நான் முதலிலேயே பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அவர் துண்டு போட்டு மூடியிருந்ததே யாரும் பார்க்கக் கூடாது என்றுதான்.

"நான் கேட்டப்பவே சொல்லியிருக்கலாமே," என்றேன். சீருடைத் தமிழ் போய்விட்டது. "சாவு வூட்டுக்குப் போறவங்க இருக்கீங்களான்னு வாயத் தொறந்து கேட்டேனே. உங்ககிட்ட வந்து குனிஞ்சு கேட்டேனே."

"எப்டிம்மா சொல்றது? அந்தம்மா மடில முகூர்த்தப் பொடவ இருக்குது. எந்த வூட்டுத் தறில எந்த மவராசன் நெஞ்சானோ. அது பக்கத்துல ஒக்காந்துக்கினு எங்க அக்காவுக்குக் கோடி எடுத்துக்கினு போறேன்னு எப்டிச் சொல்லுவேன்? நாளைக்கு அந்தப் பொண்ணு அத்தத்தான கட்டிக்கினு மணையில ஒக்காரும்."

அந்த நாற்காலியில் என் அப்பா இருந்திருந்தாலும் வாயைத் திறந்திருக்க மாட்டார். நானும் திறந்திருக்க மாட்டேன். கோபம் கோபமாக வந்தது, ஆனால் அவர்மேல் வரவில்லை. இப்படி ஒரு மனுஷரை நம் ஊர்தான் தயார் பண்ணி வைத்திருக்கும் என்று மட்டும் நினைத்தேன். வேறு எந்த ஊர்க்காரனாக இருந்தாலும் முதல் கேள்விக்கே எழுந்து நின்றிருப்பான்.

மேலதிகாரிக்குப் போன் செய்தேன். ஒருவரை இறக்கிவிட்டு இவரை ஏற்ற முடியுமா என்று கேட்டேன். கதவை மூடியாகிவிட்டது, நகரத் தொடங்கிவிட்டது என்றார். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். விசாகப்பட்டினம் விமானம் ஓடுபாதைக்குப் போகிற வழியில் நின்றுகொண்டிருந்தது. அதற்கு முன்னால் வரிசையாகச் சின்ன விமானங்கள். இருநூறு பேரை வைத்துக்கொண்டு அந்தப் பெரியது அவற்றின் பின்னால் ஒன்றும் செய்ய முடியாமல் நின்றது. நடந்து போனால் எட்டிவிடலாம் போல அவ்வளவு கிட்டத்தில் இருந்தது.

"அதோ நிக்குதே, அதுதானாம்மா?" என்று கேட்டார் அவர்.

"ஆமாங்க."

"நின்னுக்கினுதான இருக்குது."

"கதவு மூடிட்டா தொறக்க மாட்டாங்க."

சரி என்று தலையாட்டினார். அதுவரை கொண்டுபோய் விடச் சொல்லி நம் பஸ் டிரைவரிடம் கேட்டுப் பார்க்கலாமே என்று அவருக்குத் தோன்றியிருக்கலாம். அதைக் கேட்கவில்லை. அது நின்றதையும், கொஞ்சம் நகர்ந்து மறுபடி நின்றதையும், கடைசியில் ஓடி ஏறியதையும் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். முகூர்த்தப் புடவை நல்லபடியாகக் கிளம்பிப் போனது.

மறுபடி மேலதிகாரியைப் பிடித்தேன். எங்கள் விமானத்தையாவது அந்த ஊரிலிருந்து சீக்கிரம் கிளப்பி இறக்கச் சொல்லக் கூடாதா, ஒரு துக்கம் என்று சொல்லிப் பார்க்கக் கூடாதா என்று கேட்டேன். அவர் நல்லவர்தான். பொறுமையாகவே சொன்னார். உயிருக்குப் போராடுகிற நோயாளி இருந்தால் வழி விடுவார்கள். யாருக்காவது பொருத்துவதற்கு இதயம் போகிறதென்றால் வழி விடுவார்கள். இறந்தவர்களுக்காக வழி விட மாட்டார்கள், அவர்களுக்கு இனி அவசரம் இல்லை என்று கணக்கு. அதுவும் நம்முடையது சின்னது. மேலே சுற்றுகிறவற்றில் அதிக ஜனம் இருப்பதை முதலில் இறக்கத்தான் கம்பெனியே கேட்கும் என்றார். எனக்கே தெரிந்த விஷயம்தான். இதைத்தான் தினமும் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

யாரையாவது திட்டினால் கொஞ்சம் ஆறும். யாரைத் திட்டுவது? மழையையா? ஒரு விமானத்துக்கு மூன்றாக விட்ட கம்பெனியையா? மூன்றாக விட்டதால்தானே ராஜமுந்திரிக்கு முற்பகலில் ஒரு விமானம் என்று ஒன்று இருந்தது, அதை நம்பித்தானே மகன் டிக்கெட் போட்டான். ரயிலில் போயிருந்தால் நேரத்துக்குப் போக முடியாது என்று தெரிந்தே போயிருப்பார், ஏமாற்றமாவது இருந்திருக்காது. எங்கள் ஊர்ப் பக்கமே பெரிதாக ஒரு விமான நிலையம் கட்டினால் நெரிசல் தீரும் என்கிறார்கள். வயலையும் ஏரியையும் விட மாட்டோம் என்று அந்த ஊர்க்காரர்கள் வருஷக்கணக்காகப் போராட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களைத் திட்டவும் எனக்கு வாய் வராது.

அவரை என் மேஜைக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்தேன். சாப்பிட ஏதாவது வாங்கி வரட்டுமா என்றேன், வேண்டாம் என்றார். தண்ணீர் மட்டும் குடித்தார், அதுவும் பொட்டலத்தை மடியிலிருந்து எடுக்காமல் ஒரு கையால். நானாக ஒன்றும் கேட்கவில்லை. அவராகவே, "எங்க அக்கா வூட்டுக்காரரு இருக்காரு. சுமங்கலியாத்தான் போச்சு. அதனால கலர் பொடவதான்," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆர்டருக்கு நெஞ்சது. கடக்காரருக்கு ஒரு வார்த்த சொல்லிட்டு எடுத்தாந்துட்டேன்," என்றார்.

அங்கிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. அக்கா மகன். மாமா எங்கே, மாமா ஏறியாச்சா, மாமா பறந்தாச்சா. ஒவ்வொரு முறையும் அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்ப்பார். நான் திரையைப் பார்ப்பேன். திரையில் இன்னொரு அரைமணி இருக்கும்.

மதியம் நன்றாகச் சாய்ந்த பிறகு வந்த போனை அவர் ஸ்பீக்கரில் போட்டார். அந்தப் பையன் அழுது முடித்த குரலில் பேசினான். பெரியவர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள், இருட்டினால் கோதாவரிக் கரையில் தகனம் செய்ய மாட்டார்கள், விட்டால் நாளைக்குத்தான், மழை வேறு வரும்போல இருக்கிறது, வைத்திருக்க முடியாது என்கிறார்கள். "நீங்க வந்துருவீங்கன்னா சொல்லுங்க மாமா. யார் இன்னா சொன்னாலும் நான் நிறுத்தி வெச்சிருக்கேன்."

அவர் போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னிடம் கேட்டார்.

"இன்னாம்மா சொல்லட்டும்? வெச்சிருக்கச் சொல்லட்டுமா?"

இந்தக் கேள்விக்குப் பயிற்சியில் ஒன்றும் சொல்லித் தரவில்லை. திரையில் இருந்த நேரத்தைப் படித்துக் காட்டினால் அவர் காத்திருக்கச் சொல்வார். அந்த நேரம் பொய் என்று எனக்குத் தெரியும். விமானம் அந்த ஊரிலிருந்து தாமதமாகக் கிளம்பி இன்னும் மேலேதான் இருந்தது. இறங்க வேண்டும், ஆள் இறக்க வேண்டும், துடைக்க வேண்டும், எரிபொருள் போட வேண்டும், பிறகு அந்த வரிசையில் போய்ப் பின்னால் நிற்க வேண்டும். ராஜமுந்திரியில் இறங்கி வீட்டுக்குப் போவதற்குள் இருட்டிவிடும். அது இறங்காமல் வேறு ஊருக்குத் திருப்பிவிட்டாலும் விடுவார்கள், நடந்திருக்கிறது. அப்படியானால் ராத்திரி முழுக்க அவருடைய அக்கா அங்கே கிடப்பார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து யாருக்கும் சொல்லாத பதிலைச் சொன்னேன்.

"வெச்சிருக்க வேணாங்க. நேரத்துக்குப் போவ முடியாது."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். பொத்தியிருந்த கையை எடுத்தார்.

"எடுத்துருங்கப்பா," என்றார் போனில். "அங்கயே ஒரு பொடவ வாங்கி, பொறந்த வூட்டுதுன்னு சொல்லிப் போட்டுருங்க. யாரு கையாலயா? யாரு கையாலயாவது போடச் சொல்லுப்பா."

வைத்த பிறகுதான் அழுதார். சத்தமே இல்லை. பொட்டலத்தின்மேல் கண்ணீர் விழாமல் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு அழுதார். பட்டில் நீர் பட்டால் கறையாகும் என்பது அந்த நேரத்திலும் அவருக்கு நினைவிருந்தது. நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு அடுத்த அரைமணிக்கான வருத்தத்தைத் தெரிவித்தேன், ஏனென்றால் மற்றவர்கள் மேஜையைச் சுற்றி நின்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

விமானம் இறங்கியது. சாயங்கால வெயிலில் பஸ்ஸை வாயிலுக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். வரிசையில் வரச் சொன்னேன். பெரியவர் எல்லோரையும் முன்னால் போகவிட்டுக் கடைசிக்கு முந்தின ஆளாக வந்து நின்றார். பின்னால் அந்த இன்டர்வியூ பையன் மட்டும்.

"நீங்க போவ வேணாங்க," என்றேன். "டிக்கெட்ட நான் ரத்து பண்ணித் தர்றேன். வெளிய டாக்ஸி புடிச்சு வுடறேன். வூட்டுக்குப் போயிடுங்க."

"இத எடுத்துக்கினா?"

"ம்?"

"கோடின்னு வெளிய எடுத்தது திரும்பி வாசப்படி ஏறக் கூடாதும்மா. தறி ஓடற வூடு. பொண்ணு ஒண்ணு கல்யாணத்துக்கு நிக்குது." கையில் இருந்ததைப் பார்த்தார். "கடக்காரரும் இனிமே வாங்க மாட்டாரு. ஒருத்தருக்கும் குடுக்க முடியாது. இங்க போட்டுட்டுப் போவவும் மனசு வரல."

என்னிடம் விட்டுவிட்டுப் போங்கள் என்று சொல்ல வாய் வரை வந்தது. எங்கள் வீட்டிலும் தறி ஓடுகிறது. சொல்லவில்லை.

இரண்டு கையிலும் பொட்டலம் இருந்ததால் சட்டைப் பையிலிருந்த சீட்டை நானே எடுத்துக் கருவியில் காட்டினேன். பச்சை விளக்கு எரிந்தது. அவர் நகரவில்லை.

"அங்க போயி இத்த யாருகிட்டம்மா குடுக்கறது?" என்று கேட்டார்.

என்னிடம்தான் கேட்டார். பஸ் டிரைவர் ஹாரன் அடித்தான். நான் அடுத்தவரின் சீட்டுக்குக் கையை நீட்டினேன்.